ஆப்பைத் தட்டாத நாள்

இழைப்புளியைப் பற்றி யாராவது கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு அலுப்பாக வருகிறது. ஒரு காலத்தில் யாராவது கேட்க மாட்டார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான் நான்.

கோடைக்கானல் பஜாரில் எங்களுக்குப் பழைய சாமான் கடை. அத்தா ஆரம்பித்தது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பங்களாவைக் காலி செய்துகொண்டு போன வருஷங்கள் அவை. கப்பலில் ஏற்ற முடியாததையெல்லாம் விட்டுவிட்டுப் போவார்கள். இரும்புக் கட்டில், கண்ணாடி பதித்த பீரோ, விளிம்பு உடைந்த பீங்கான், கேக் அச்சு, நாய் படுத்த மெத்தை வரைக்கும் எங்கள் கடைக்கு வந்து சேரும். அந்தக் குவியலுக்கு அடியில் எப்படியும் ஒரு மரப்பெட்டி கிடக்கும். திறந்தால் ரம்பம், உளி, இழைப்புளி. அந்தத் துரைகளில் பாதிப் பேருக்குத் தச்சு வேலையில் ஒரு பித்து. ஐப்பசி கார்த்திகையில் இந்த ஊரில் வேறு என்னதான் செய்வது?

அத்தாவுக்கு அந்தப் பெட்டிகள் மேல் மரியாதை கிடையாது. இழைப்புளியைக் கையில் எடுத்தால் ஆப்பைத் தட்டிவிட்டு, மரத்தைச் சீவுகிற அந்த இரும்புத் தகட்டை மட்டும் உருவி ஒரு மண்ணெண்ணெய் டின்னில் போட்டுவிடுவார். உள்ளூர் ஆசாரிகள் வந்து டின்னைக் கிளறி நல்ல தகடாகப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். கட்டையை அவர்களே செய்துகொள்வார்கள். தகடு போன சீமைக் கட்டைகள் எங்கள் வீட்டு அடுப்புக்குப் போயின. நன்றாக நின்று எரியும்.

அத்தா மௌத்தானதும் கடை என் தலையில் விழுந்தது. எனக்கு வியாபாரத்தில் சமர்த்து போதாது. ஆனால் பொருளைப் புரட்டிப் பார்க்கிற கிறுக்கு உண்டு. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மழை நாட்களில் இழைப்புளிகளைத் துடைத்து வரிசையாக வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்கச் சில விஷயங்கள் பிடிபட்டன.

சீமை இழைப்புளியின் முன்பக்கத்து முகத்தில், மரத்தின் குறுக்கு வெட்டில், செய்தவன் பேரும் அவன் ஊரும் குத்தியிருக்கும். அதற்கு மேலும் கீழும் வேறு பேர்கள் இருந்தால் அவை வைத்திருந்தவர்களுடையவை. நம் வீட்டில் கல்யாணப் பாத்திரத்தில் பேர் வெட்டுவதில்லையா, அது போலத்தான். ஒரே கட்டையில் மூன்று பேர் பார்த்திருக்கிறேன். அப்பன், மகன், பேரனோ என்னவோ. தகட்டில் இருக்கிற பேர் வேறு கணக்கு. அது தகடு அடித்த கம்பெனியின் பேர். அதை வைத்துக் கட்டையைச் சொல்லக் கூடாது. தகட்டை எத்தனை தடவையும் மாற்றலாம், கட்டையை மாற்ற முடியாது.

கட்டையை மரத்தை வைத்துச் சொல்ல வேண்டும். சீமை மரம் லேசான சிவப்பில், பக்கவாட்டில் எள் தூவினாற் போலப் பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும். நம் ஆட்கள் வாகையிலும் தோதகத்தியிலும் கொய்யாவிலும் செய்வார்கள். மலையில் பேரிக்காய் மரத்திலும் செய்வார்கள். பேரி எண்ணெய் குடித்துப் பழகிவிட்டால் சீமை மரத்தின் கூடப்பிறந்தது மாதிரி இருக்கும். எள் புள்ளி மட்டும் இருக்காது. அதற்குக் கத்தி நுனியால் அழுக்கைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பக்கத்து ஆசாரி கட்டை செய்யும்போது, தகடு சாய்ந்து உட்காருகிற சரிவை வெட்டி முடித்ததும், முதல் தடவை தகட்டை வைப்பதற்கு முன்னால், அந்தச் சரிவில் உளி முனையால் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி போடுவார். அதற்கு மேல் தகடு, தகட்டுக்கு மேல் ஆப்பு. அப்புறம் அதை யாரும் பார்க்கப் போவதில்லை. பத்துப் பன்னிரண்டு உள்ளூர்க் கட்டைகளில் அதை நான் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம், எனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எல்லாம் தெரியும்.

கொஞ்ச நாளில் ஊருக்குள் பேர் பரவிவிட்டது. எஸ்டேட்காரர்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், லீவுக்கு வந்த பாதிரிமார்கள் என்று ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "பாய் பாத்தா சரியா இருக்கும்." இந்தப் பேச்சு காதில் விழும்போது எனக்கு எவ்வளவு இனித்தது என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. நாளாக நாளாக, கையில் எடுக்காமல் தூரத்தில் பார்த்தே ஊரைச் சொல்கிற அளவுக்கு எனக்குக் கொழுப்பு ஏறியிருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. ஏரிப் பக்கத்துப் பங்களா ஒன்றிலிருந்து ஒரு பியானோவை நாலு ஆட்களோடு நானும் தோள் கொடுத்துத் தூக்கி வந்திருந்தேன். மூன்று நாள் விடாத மழை. பியானோ உள்ளே ஊறி ஊமையாகிவிட்டது. அதை வாங்கியதே தண்டம். முதுகு விட்டுப்போய், உடம்பு அனலாகக் கொதித்தது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு வாய் கஞ்சி குடித்துப் படுத்தால் போதும் என்று மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்குக்குக் காத்திருந்தேன். அப்போதுதான் மிஷன் பட்டறைத் துரை வந்தார்.

மிஷன் நடத்திய தச்சுப் பட்டறைக்கு அவர் மேலாளர். நல்ல மனுஷர். புத்தகத்தில் படித்த தமிழைத் தப்பில்லாமல் பேசுவார். அவருக்குப் பின்னால் நனைந்தபடி பட்டறையின் தலைமை ஆசாரி நின்றார். கம்பளிக் குல்லா, கை நீளம் போதாத கோட்டு. எனக்கு முகம் தெரியும். குடும்பத்தோடு வேதத்தில் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் குரல்தான் உரக்கக் கேட்கும் என்பார்கள். அவருடைய ஒரே பெண் மிஷன் போர்டிங்கில் தங்கி இலவசமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

துரை ஒரு இழைப்புளியை மேஜையில் வைத்தார். பட்டறையில் சீமை இழைப்புளிகள் ஆறு இருந்தன, இப்போது எண்ணினால் ஐந்துதான் இருக்கின்றன, இது இந்த ஆசாரியின் சொந்தப் பையில் இருந்தது என்றார்.

"இது எங்கள் பட்டறையைச் சேர்ந்ததா, இந்த மனிதனுடையதா? உமக்குத் தெரியும் என்கிறார்கள். உமது வார்த்தையை நான் ஏற்றுக்கொள்ளுவேன்."

ஆசாரி ஒரு அடி முன்னால் வந்தார். "நான் செஞ்சது பாய். தகடு உங்க கடையில வாங்குனதுதான். உங்க அத்தா இருக்கையில, டின்னுல கெடந்துச்சு."

"டின்னுல எத்தனையோ கெடந்துச்சு ஆசாரி. எது யாருக்குப் போச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"மரத்தப் பாருங்க பாய்" என்றார்.

பார்த்தேன். பார்த்தேன் என்றா சொல்வது? எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கறுத்த கட்டை. கத்தி மேஜை டிராயரில் இருந்தது. குனிந்து எடுக்க முதுகு இடம் கொடுக்கவில்லை. முன்பக்கத்து முகத்தைத் திருப்பினேன். பேர் எதுவும் இல்லை. ஆப்பை இளக்குவதற்கு அங்கேதான் கொட்டாப்புளியால் தட்டுவார்கள். தட்டித் தட்டிப் பேர் அழிந்த கட்டைகள் உண்டு, இதுவும் அப்படி இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தகட்டின் தலையில் மட்டும் ஷெஃபீல்டு என்று பளிச்சென்று தெரிந்தது.

ஆப்பை விரலால் அசைத்தேன். மழையில் ஊதி இறுகிக் கிடந்தது. கணப்புக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் வைத்தால் தானாக விட்டுவிடும். துரையே கேட்டார்.

"கழற்றிப் பார்க்க வேண்டுமோ?"

ஆசாரி சட்டென்று கையை நீட்டிக் கட்டையின் மேல் வைத்தார். "அது வேணாங்கய்யா. மழையில ஊறிக் கெடக்கு. தட்டுனா வெடிச்சிரும்."

அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. சொந்தக் கட்டையாக இருந்தால் கழற்றிக் காட்டுவதற்கு என்ன பயம்? இவர் எதையோ மறைக்கிறார். எனக்கு அப்படித்தான் பட்டது. அதோடு, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்த அரை மணி நேரம் மிச்சமானதில் எனக்கு நிம்மதி.

"சீமைச் சாமான்தாங்க" என்றேன்.

துரை தலையைக் குனிந்துகொண்டார். ஆசாரி என்னைக் கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. ஈரமான கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். இருவரும் போனார்கள். நான் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் எழுந்திருக்காமல் படுத்தேன்.

போலீசுக்கெல்லாம் துரை போகவில்லை. வேலையை விட்டு நிறுத்தினார், அவ்வளவுதான். பெண்ணை மட்டும் போர்டிங்கிலேயே வைத்துக்கொண்டார்கள். தகப்பன் செய்ததற்குப் பிள்ளை என்ன பண்ணும் என்று துரை சொன்னதாக பஜாரில் பேசிக்கொண்டார்கள். நானும் டீக்கடையில் நின்று, ஆமாம், பெரிய மனசு என்றேன். ஆசாரியும் அவர் சம்சாரமும் மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். யாரும் தேடவில்லை.

பத்து வருஷம் ஓடிவிட்டது. அந்தத் துரை தன் நாட்டுக்குப் போய்விட்டார். அறுபதுகளின் நடுவில் பட்டறையை மூடினார்கள். சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி எனக்கே ஆள் விட்டார்கள். வேலை மேஜை, தேய்ந்துபோன சாணைக்கல், உளிகள், ஒரு பெட்டியில் இழைப்புளிகள். எண்ணினேன். ஆறு.

அது மாசி மாதம். பனி விட்டு, வெயில் சுள்ளென்று அடிக்கிற காலம். மரமெல்லாம் காய்ந்து சுருங்கியிருந்தது. கடை வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஐந்தின் முகத்தில் பேர் இருந்தது. ஆறாவதைத் தூக்கியபோது ஆப்பு தானாகக் கழன்று மடியில் விழுந்தது. பின்னாலேயே தகடும் சரிந்து வந்தது.

சரிவில் பிள்ளையார் சுழி இருந்தது.

எழுந்து உள்ளே போய் டிராயரிலிருந்து கத்தியை எடுத்து வந்தேன். கட்டையின் பக்கவாட்டைச் சுரண்டினேன். எள் புள்ளி ஒன்றுகூட இல்லை. பேரி மரம். எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கிற மரம்.

அந்த மழை நாள் அப்படியே திரும்ப வந்தது. கட்டையின் மேல் அவர் வைத்த கை, வெளுத்த முகம். மிஷன் சம்பளத்தில் இருக்கிற ஆள், பெண்ணை மிஷன் போர்டிங்கில் விட்டிருக்கிற ஆள், துரையின் கண் முன்னால் இந்தச் சுழியை எப்படிக் காட்டுவார்? அதனால்தான் மரத்தைப் பாருங்கள் என்றார். நான் பார்த்திருந்தால் ஆப்பைத் தொடாமலே அவரைக் காப்பாற்றியிருக்கலாம். கத்தி டிராயரில்தான் இருந்தது. வெட்கமாக இருந்தது. அன்றைக்கு வந்த வியாபாரத்தையெல்லாம் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பினேன்.

எங்கே போய்த் தேடுவது? மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு இறங்குகிற லாரி டிரைவர் ஒருவரிடம் கேட்டு வைத்தேன். ஒரு வாரத்தில் பதில் கொண்டுவந்தார். "மலையில இருந்து எறங்குன ஆசாரியா? ஒட்டஞ்சத்திரத்துல கமிஷன் மண்டியில தக்காளிப் பெட்டி அடிக்கிறாரு பாய்."

வெள்ளனே முதல் பஸ் ஏறினேன். வத்தலக்குண்டில் இறங்கி மாறி, செம்பட்டியில் இறங்கி மாறி, ஒட்டன்சத்திரம் போய்ச் சேர மதியமாகிவிட்டது. இழைப்புளியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒன்றும் உருப்படியாகத் தோன்றவில்லை.

மண்டிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடித்துக்கொண்டிருந்தார். இழைக்காத சொரசொரப்புப் பலகை. அந்த வேலைக்கு இழைப்புளியே தேவையில்லை. சுத்தியல் போதும். என்னைப் பார்த்ததும் ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டு, கவிழ்த்த பெட்டி ஒன்றைத் தள்ளினார்.

"ஒக்காருங்க பாய். மேல மழை எப்பிடி?"

துண்டைப் பிரித்தேன். அவர் கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாத்துட்டீங்களா?"

"பாத்தேன்."

"அன்னைக்கே ஆப்பத் தட்டிருவீங்களோன்னு உசுரக் கையில புடிச்சிக்கிட்டு நின்னேன்."

"மரத்தையாச்சும் பாத்துருக்கணும் ஆசாரி. நாந்தான் பாக்கல. ஒடம்புக்கு முடியாம..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். சொல்லவே நாக்கூசியது.

"மரத்தப் பாத்துச் சொல்லிருவீங்கன்னுதான் நம்பி வந்தேன். தொரை வேற யார்ட்டயோ கேக்கலாம்னாரு. நாந்தான் பாய்கிட்டப் போவோம்னு கூட்டியாந்தேன்."

இது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொட்டகைக்கு வெளியே யாரோ தராசில் ஏற்றிய மூட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே?"

"என்னத்தச் சொல்றது? ஞானஸ்நானம் வாங்கி ஏழு வருஷம் ஆச்சு அப்ப. கட்டையில சரிவு வெட்டி முடிச்சதும் கை தானாப் போட்டுருச்சு பாய். செதுக்கி எடுத்துரலாம்னு உளியக்கூட வச்சேன். மனசு வரல. சரி, தகட்டுக்கு அடியில கெடக்குது, யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டேன்." சுத்தியலைக் கீழே வைத்தார். "திருடன்னா எஞ்சோலி மட்டுந்தான் போகும். இதுன்னா புள்ளையோட போர்டிங்கும் சேந்து போயிருக்கும்."

"அப்பிடியெல்லாம் செஞ்சிருக்க மாட்டாரு அந்த மனுசன்."

"மாட்டாருதான். இருந்தாலும் புள்ளைய வச்சுப் பந்தயம் கட்ட முடியுமா?"

அந்தத் துரைக்குக் கடுதாசி எழுதுகிறேன், மிஷனில் போய் என் வாயாலேயே தப்பு என்னுடையது என்று சொல்கிறேன் என்றேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"வேணாம் பாய். அவ அங்கதான் டீச்சரா இருக்கா. போன ஜூன்லதான் சேந்தா. எப்பிடிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேப்பாங்கல்ல? சும்மா விட்டுருங்க. நல்லா இருக்கா."

"அவளுக்காச்சும் தெரியுமா?"

தலையை ஆட்டினார். தெரியாது என்று. "சின்னப் புள்ள அப்ப. அப்பன் திருடிட்டான்னு சொன்னாங்க, அழுதுச்சு. அப்பறம் அதப் பத்திக் கேட்டதே இல்ல. லீவுக்கு வந்தா நல்லாத்தான் பேசுது. கேக்காம இருக்கதே பெருசுன்னு நானும் இருக்கேன்."

அப்போதுதான் அவர் இழைப்புளியைக் கையில் எடுத்தார். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் நீளத் தடவினார். கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தகட்டை வைத்து, ஆப்பைச் செருகி, ஒரே ஒரு தட்டு தட்டி, தக்காளிப் பெட்டிப் பலகை ஒன்றில் ஒரு இழுப்பு இழுத்தார். சீவல் பட்டையாக வரவில்லை, தூளாக வந்தது.

"யாரும் சாணை புடிக்கவே இல்ல போலருக்கே" என்றார். அதற்குத்தான் அவர் குரலில் வருத்தம் தெரிந்தது.

"வச்சுக்கங்க ஆசாரி. உங்களுது."

கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு என் துண்டிலேயே சுற்றி, முனைகளைச் செருகி, என் பக்கம் தள்ளினார்.

"இத நான் எப்பிடி வீட்டுல வைக்கிறது? மே மாசம் அவ வருவா. திருடுன சாமான் வந்து நடுவீட்டுல ஒக்காந்திருக்கேன்னுதான நெனைப்பா. நீங்க கொண்டுபோங்க. சீமைச் சாமான்னே வித்துருங்க பாய். நீங்க சொன்னா நம்புவாங்க."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. எனக்கு யோசனை சொல்கிற மாதிரித்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, வெரசாப் போனால் மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தார்.

மலை ஏறும்போது பனி இறங்கிவிட்டது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் துண்டுக்குள் என்ன என்று கேட்டார். சாமான் என்றேன்.

அந்த வருஷம் சீசனில், மதராசிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் கடைக்கு வந்தார். என் பேரைக் கேள்விப்பட்டுத் தேடி வந்ததாகச் சொன்னார். அலமாரியைத் துழாவி, துண்டுச் சுற்றலைப் பிரித்து, அதையே எடுத்து மேஜையில் வைத்தார். தகட்டின் தலையில் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஷெஃபீல்டுன்னு போட்டிருக்கே. இங்கிலீஷ் பீஸ்தானே? யாரு செஞ்சது, உங்களுக்குத் தெரியுமாமே?"

ஆப்பு இளகித்தான் இருந்தது. விரலால் தொட்டால் போதும், கழன்றுவிடும். நான் கட்டையை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கி மறுபடியும் துண்டில் சுற்றினேன்.

"தெரியாதுங்க" என்றேன். இரண்டாவது தடவையும் பொய்தான் சொன்னேன்.